டிரா: சமனா, சமநிலையா?

செஸ் செய்திகளில் ‘ஆட்டம் சமநிலையில் முடிந்தது’ என்று எழுதுகிறோம். நாலு வரி தள்ளி, ‘15-வது நகர்த்தலில் ஆட்டம் சமநிலையில் இருந்தது’ என்றும் வருகிறது. முதலாவது முடிவு, இரண்டாவது பலகையின் நிலவரம். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் படிப்பவர் குழம்பத்தான் செய்வார்.

டிரா என்றால் யாரும் ஜெயிக்கவில்லை, ஆளுக்கு அரைப் புள்ளி. ரஷ்ய மொழியில் இது ‘நிச்யா’, அதாவது ‘யாருடையதும் இல்லை’. ஜெர்மன்காரர்கள் பிரெஞ்சிலிருந்து எடுத்துக்கொண்ட ‘ரெமி’ என்ற சொல்லுக்கு வேர்ப்பொருள் ‘தள்ளிவைக்கப்பட்டது’. இரண்டிலும் ‘பலம் சமம்’ என்ற பேச்சே இல்லை.

இருக்கவும் தேவையில்லை. கறுப்பிடம் ராஜா மட்டும், அது எச்8 மூலையில் நிற்கிறது. வெள்ளையிடம் ராஜா, எச் வரிசையில் ஒரு சிப்பாய், வெள்ளைக் கட்டங்களில் போகும் மந்திரி. சிப்பாய் ராணியாக மாற எச்8-ஐ எட்டவேண்டும். ஆனால் அது கறுப்புக் கட்டம் என்பதால் மந்திரியால் அதைத் தொடவே முடியாது. ராஜாவை மூலையிலிருந்து கிளப்ப வழியில்லை. நெருக்கிப் பிடித்தால் கறுப்புக்கு நகர்த்த இடமில்லாமல் போய், அதுவும் டிராதான். பலத்தில் எவ்வளவு வித்தியாசம்! ஆனாலும் அரைப் புள்ளிதான்.

ஆட்டத்தின் தொடக்கத்திலும் இதைப் பார்க்கலாம். 2000-ல் லண்டனில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் அப்போதைய சாம்பியன் காஸ்பரோவுக்கு எதிராக, கறுப்புக் காய்களோடு ஆடும்போது கிராம்னிக் ‘பெர்லின் தற்காப்பு’ என்ற தொடக்கத்தை எடுத்தார். வெள்ளை மந்திரி வந்து குதிரையை மிரட்ட, கறுப்பு தன் இன்னொரு குதிரையை எஃப்6-ல் இறக்கும். எட்டாவது நகர்த்தலுக்குள் ராணிகள் வெட்டுப்பட்டுவிடும். கறுப்பு ராஜா கோட்டை கட்டும் (யானையோடு சேர்ந்து ஓரமாகப் பாதுகாப்பாக ஒதுங்கும்) உரிமையை இழந்திருக்கும், சிப்பாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக இரட்டித்து நிற்கும். பார்த்தால் வெள்ளைக்குத்தான் வசதி. ஆனால் காஸ்பரோவால் அந்தத் தற்காப்புச் சுவரை உடைக்க முடியவில்லை, அந்த ஆட்டங்கள் டிராதான். போட்டி முழுக்க ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் 6½–8½ என்று பட்டத்தை இழந்தார்.

அதனால் முடிவுக்குச் ‘சமன்’, நிலவரத்துக்குச் ‘சமநிலை’ என்று பிரித்து எழுதுவதே சரி. புள்ளி சரிபாதியாகப் போவதால் ‘சமன்’ பொருத்தம்தான். ‘வெற்றி தோல்வியின்றி முடிந்தது’ என்பது இன்னும் துல்லியம், தலைப்புக்குத்தான் நீளம். அப்புறம் இப்படி எழுதினால் யாரும் குழம்பமாட்டார்கள்: ‘கறுப்பு கடைசிவரை பின்தங்கியே இருந்தது, ஆட்டம் சமன்.’