மூன்று வால்வுகளில் ஒரு கிட்டார் ஆம்ப்

சொந்தக் கையால் ஒரு வால்வு கிட்டார் ஆம்ப் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) செய்ய ஆசைப்படுகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: ஃபெண்டர் சாம்ப்பில் தொடங்குங்கள். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டரின் நிறுவனம் 1950-களில் விற்ற சின்னப் பெட்டி அது. அதன் புகழ்பெற்ற சர்க்யூட்டுக்கு 5எஃப்1 என்று பெயர். மூன்று வால்வுகள், ஒரே வால்யூம் குமிழ், சுமார் 5 வாட். கையால் ஒவ்வொன்றாகச் செய்து விற்கும் சிறு பட்டறைகள் இன்றும் இதைச் செய்கின்றன. எந்தப் பாகம் எதற்கு என்று விரல் வைத்துச் சொல்லிவிடக்கூடிய சர்க்யூட் இது.

முதலில் வால்வு. காற்றை உறிஞ்சிய கண்ணாடிக் குப்பிக்குள் நடுவில் கேத்தோடு. அது சூடானால் எலக்ட்ரான்களை விடும். சுற்றிலும் பிளேட், அதில் நூறு வோல்ட்டுக்கு மேல் இருப்பதால் எலக்ட்ரான்களை இழுக்கும். இரண்டுக்கும் நடுவே கிரிட் என்ற மெல்லிய கம்பிச் சுருள். வாய்க்கால் மடையில் பலகையை ஒரு விரற்கடை தூக்கினால் வயல் நிறைய நீர் பாய்கிறதல்லவா, கிரிட் அந்தப் பலகை. அதன் வோல்ட்டேஜ் கேத்தோடைவிடத் தாழத் தாழ மடை மூடும். அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட் 1906-இல் கிரிட்டைச் சேர்த்த பிறகுதான் வால்வால் ஒலியைப் பெருக்க முடிந்தது.

சாம்ப்பில் கிட்டார் சிக்னல் முதலில் போவது 12ஏஎக்ஸ்7 வால்வின் கிரிட்டுக்கு. அந்த வால்வின் பிளேட்டுக்கு மேலே 1,00,000 ஓம் ரெசிஸ்டர், கேத்தோடுக்குக் கீழே 1,500 ஓம். வாசிக்காமல் சும்மா இருக்கும்போது ஏறத்தாழ 1 மில்லி ஆம்பியர் ஓடும் என்று வையுங்கள். கேத்தோடு 1.5 வோல்ட்டுக்கு உயரும். கிரிட் பூஜ்யத்திலேயே நிற்பதால், கேத்தோடைவிட 1.5 வோல்ட் தாழ்வாகிவிடும். மடைப் பலகை பாதி திறந்த நிலையில் தானாகவே நின்றுகொள்கிறது. தனியாக எதையும் திருகிச் சரிசெய்ய வேண்டியதில்லை. இப்போது கம்பியை மீட்டுங்கள். மின்னோட்டம் வெறும் 10 மைக்ரோ ஆம்பியர் மாறினாலும் மேலே உள்ள ரெசிஸ்டரில் 1 வோல்ட் மாறிவிடும். பெருக்கம் என்பது இவ்வளவுதான்.

அங்கிருந்து வால்யூம் குமிழ், அதே குப்பிக்குள் இருக்கும் இரண்டாவது பாதி, அப்புறம் 6வி6 பவர் வால்வு. 6வி6-க்கு வோல்ட்டேஜ் அதிகம், மின்னோட்டம் குறைவு. ஸ்பீக்கருக்கு நேர்மாறு. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் நடுவில் நின்று 4 ஓம் ஸ்பீக்கரை வால்வுக்கு 8,000 ஓம் போலக் காட்டும். அதற்கு அதன் இரண்டு கம்பிச் சுருள்களின் சுற்று விகிதம் சுமார் 45-க்கு 1. பணத்தை இதில் போடுங்கள். விலை உயர்ந்த கெப்பாசிட்டர்களைவிட நல்ல டிரான்ஸ்ஃபார்மரும் ஸ்பீக்கரும் ஒலியை மாற்றும் என்பது என் உறுதியான எண்ணம்.

வால்வு ஒலியை ஏன் ‘இதமானது’ என்கிறார்கள்? பலமாக மீட்டும்போது 6வி6 ஒலி அலையின் உச்சியைச் சட்டென்று வெட்டாமல் மெல்ல வளைக்கிறது. ஒற்றை வால்வு என்பதால் அலையின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் ஒரே மாதிரி வளைவதில்லை. அந்தச் சமமின்மை இரட்டை அதிர்வெண்ணைப் பிறப்பிக்கும். 110 ஹெர்ட்ஸில் ஏ கம்பியை மீட்டினால் 220-உம் கூடவே வரும். அது அதே ஸ்வரத்தின் மேல் ஸ்தாயி. காதுக்கு உறுத்தாமல் தடிமனாகக் கேட்கும்.

இனி கவனம். மூன்றாவது வால்வு ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர். அதனால் பெட்டிக்குள் 350 வோல்ட் அளவில் டிசி ஓடும்; உயிரை எடுக்கக்கூடியது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த டிசியைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் அதைப் பிடித்துவைத்திருக்கும். ரெசிஸ்டர் வழியாக வடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே உள்ளே கை வையுங்கள். சேசிஸுக்கு (உலோகச் சட்டத்துக்கு) எர்த் கட்டாயம். முதல் முறை ஆன் செய்யும்போது எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரீஸ் லேம்ப் போர்டு வழியாக, அதாவது ஒரு பல்பைத் தாண்டி மின்சாரம் வரும்படி, கொடுங்கள். 60 வாட் குண்டு பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட். எரிந்து மங்கினால் சரி.

பிறகு லேம்ப் போர்டை எடுத்துவிட்டு நேராக வீட்டு மின்சாரத்தில் கொடுத்து, 6வி6 கேத்தோடில் உள்ள 470 ஓம் ரெசிஸ்டரின் இரு முனையிலும் மீட்டரை வையுங்கள். 19 வோல்ட் காட்டினால், வகுத்துப் பாருங்கள், 40 மில்லி ஆம்பியர். வால்வு ஒழுங்காக வேலை செய்கிறது. உறுமல் கேட்டால் அதன் சுருதியைக் கவனியுங்கள்: நம் ஊர் மின்சாரத்தில் 50 ஹெர்ட்ஸ் என்றால் பெரும்பாலும் வால்வைச் சூடாக்கும் ஹீட்டர் வயர்களை இறுக்கி முறுக்கவில்லை; 100 என்றால் ஃபில்டர் பக்கம் பாருங்கள்.

உறுமல் இல்லாமல் ஆன் செய்தவுடனே காது கிழிய ஊளையிட்டால் பயப்பட வேண்டாம். ஸ்பீக்கரிலிருந்து 22,000 ஓம் ரெசிஸ்டர் வழியாக ஒரு சிறு பங்கு சிக்னல் 12ஏஎக்ஸ்7-இன் இரண்டாவது பாதிக்குத் திரும்புகிறது. சிக்னலைக் குறைக்க வேண்டிய அது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வயர் மாறியிருந்தால் கூட்டிவிடும். ஆஃப் செய்து, வடித்துவிட்டு, அதன் பிரைமரியின் (வால்வுப் பக்கச் சுருளின்) இரண்டு வயர்களையும் இடம் மாற்றி ஈயம் வையுங்கள். மறுபடி ஆன் செய்தால் வால்வு சூடாகும் வரை சில நொடி மௌனம், அப்புறம் ஸ்பீக்கரில் மெல்லிய ஒரு ‘ஸ்ஸ்’. கிட்டாரைச் செருகலாம்.