படி எண்: எத்தனை, எத்தனையாவது

மென்பொருள் கையேடு ஒன்றின் தமிழாக்கத்தை அண்மையில் சரிபார்த்தேன். அச்சிடும் சாளரத்தில் எத்தனை படிகள் (அதாவது காப்பிகள்) வேண்டும் என்று கேட்கும் கட்டத்துக்கு ‘நகல் எண்’ என்று பெயரிட்டிருந்தார்கள். சில பக்கங்கள் தள்ளி, ஒவ்வொரு படியின் மூலையிலும் 1, 2, 3 என்று வரிசையாக விழவேண்டிய எண்ணுக்கும் அதே ‘நகல் எண்’. பதினேழாம் படியை மட்டும் மறுபடி அச்சிட நினைப்பவர் அந்தக் கட்டத்தில் 17 என்று இட்டால் பதினேழு படிகள் வந்து விழும். இந்தத் தவற்றை எத்தனை கையேடுகளில் பார்த்துவிட்டேன்!

ஆங்கிலத்தில் ‘நம்பர்’ என்ற ஒரே சொல் இரண்டு வேலையையும் பார்க்கிறது. தமிழுக்கு அந்த நெருக்கடியே இல்லை. எத்தனை என்று கேட்டால் விடை எண்ணிக்கை. எத்தனையாவது என்று கேட்டால் விடை எண். ‘எத்தனையாவது’ என்று ஒரே சொல்லில் கேட்க வாய்த்த மொழியில் இந்தக் குழப்பத்தை வலிந்து உண்டாக்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

குழப்பம் சிறியதும் அன்று. சொற்செயலியில் 50 படிகள் கேட்டால் ஐம்பதும் அச்சு அசலாக ஒன்றுபோலவே வரும். பக்க எண் ஆவணத்துக்குள் மாறுமே தவிர, படிக்குப் படி மாறாது. அதனால்தான் படிக்கு ஓர் எண் வேண்டுபவர்கள் விரிதாளில் 1 முதல் 50 வரை ஒரு நெடுவரிசை எழுதி, பட்டியலில் உள்ளதை ஆவணத்தில் ஒவ்வொன்றாக நிரப்பும் மெயில் மெர்ஜ் வழியே இணைக்கிறார்கள்; அல்லது ஒவ்வோர் அச்சுக்கும் எண்ணை ஒன்று கூட்டும் மேக்ரோ என்ற குறுநிரல் எழுதுகிறார்கள். ரகசிய அறிக்கை வெளியே கசிந்தால் யாரிடம் கொடுத்த படி என்று கண்டுபிடிக்க உதவுவது அந்த எண்தான். அதற்குத் தனிப்பெயர் வேண்டாமா?

இனி ‘நகல்’. அரபியில் இடம் மாற்றுதல் என்று பொருள்படும் சொல். பாரசீகம், இந்துஸ்தானி வழியாக வந்தது. அதன் இணையான ‘அசல்’ என்பதும் அரபிதான். வேர், மூலம் என்று பொருள். ஆங்கிலக் ‘காப்பி’யின் மூலமான இலத்தீன் சொல்லுக்கோ மிகுதி என்பது பொருள். பிறப்பைப் பற்றி இவ்வளவு போதும்.

நகல் என்றாலே அசல் ஒன்று எங்கோ இருக்கவேண்டும். சான்றிதழை ஒளிப்படி எடுத்தால் அது நகல், சரி. எண்ணிட்டு அச்சிட்ட ஐம்பதில் எது அசல்? முதலாவதா? ஐம்பதும் சம மதிப்புள்ளவை. அவற்றை நகல் என்பது, பெறுபவரிடம் ‘உண்மையானது வேறெங்கோ இருக்கிறது’ என்று தவறாகச் சொல்வதாகும்.

‘பிரதி’யை நான் அவ்வளவு வெறுக்கவில்லை. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையரே ஏட்டுப் பிரதி என்றுதான் எழுதினார். ஆனால் அந்தச் சொல் பிரதி மாதம், பிரதிவாதி என்று முன்னொட்டாகவும் அலைகிறது. ‘பிரதி எண்’ என்பதை ‘ஒவ்வோர் எண்’ என்றும் படிக்கலாம்.

‘படி’ நம் சொல். அப்படி, இப்படி என்பவற்றில் உள்ள அதே படிதான். ஒன்றைப் போன்றது என்ற பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது. ஓலைச்சுவடியைப் பார்த்து எழுதுவதைப் படியெடுத்தல் என்றே சொல்லிவருகிறோம்.

மறுப்பு ஒன்று உண்டு, வலுவான மறுப்பு. கையேடுகளில் ‘படி 1, படி 2’ என்றால் செய்முறையின் கட்டங்கள்; ‘படி 17’ என்று அச்சிட்டால் பதினேழாம் கட்டம் என்று தோன்றாதா? தோன்றும். ஆகவே ‘எண்’ என்பதை விடவே கூடாது: ‘படி எண் 17’. அதோடு, செய்முறைக்கெல்லாம் ‘படி’யைத் தாரை வார்த்தவர்கள் மொழிபெயர்ப்பாளர்கள்தாம். ‘முதலில்’, ‘அடுத்து’, ‘பிறகு’ என்று தமிழர் இயல்பாகச் சொல்லும் இடத்தில், ஆங்கில மூலத்தில் இருக்கிறதே என்பதற்காக ஒவ்வொரு வரிக்கும் ஒரு படிக்கட்டு கட்டினார்கள். அந்த இடத்தில் விட்டுக்கொடுக்க வேண்டியது செய்முறைதான்.

ஆக, அச்சிடும் சாளரத்தின் கட்டத்துக்கு ‘படிகளின் எண்ணிக்கை’. தாளின் மூலைக்கு ‘படி எண்’. மொத்தத்தையும் காட்ட வேண்டுமானால் ‘50 படிகளில் 17ஆவது’ என்று எழுதலாம். இதைத்தான் அந்தக் கையேடு, ஆங்கில ‘17 of 50’ஐ அப்படியே பின்பற்றி, ‘17 இன் 50’ என்று எழுதியிருந்தது. ஆங்கிலத்தில் சிறிய எண் முன்னே வரும், தமிழில் பெரிய எண்தான் முன்னே வரவேண்டும். மென்பொருளை எழுதும் நிரலர் இரண்டு எண்களுக்கும் நடுவில் ஒரு வெற்றிடத்தை மட்டும் கொடுத்து ‘இதை மொழிபெயர்’ என்றால், வாங்கிக்கொண்டு ‘இன்’ என்று நிரப்பாதீர்கள். எண்கள் இடம் மாற இடமளிக்கும் முழு வாக்கியத்தைக் கேட்டு வாங்குங்கள்.