அல்பபெற், வேர்ட், லாங்குவேஜ்: எழுத்து, சொல், மொழி என்று எழுதினால் போதுமா?

மட்டக்களப்புக் கல்லடியில் மாலை நேரத்தில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குக் கணினிக் கோட்பாடு சொல்லிக் கொடுக்கிறேன். அவர்களுக்குப் பாடம் நடப்பது இங்கிலீஷில், விளங்கிக்கொள்வது தமிழில். முதல் நாள் ‘அல்பபெற்’ என்ற சொல்லுக்கு நேராகப் பலகையில் ‘எழுத்துத்தொடை’ என்று எழுதினேன். கணிதத்தில் ‘செட்’ என்பதை நாம் தொடை என்கிறோம், அதைத்தானே இங்கே சொல்ல வேண்டும்? பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை கேட்டாள்: “சேர், எதுகைத் தொடையா, மோனைத் தொடையா?” வகுப்பே சிரித்தது. கேள்வி நியாயமானது. யாப்புப் படித்தவர் காதில் தொடை என்றால் அதுதான் விழும்.

அன்று தொடங்கிய யோசனைதான் இது.

அல்பபெற் கிரேக்கத்திலிருந்து வந்தது. அல்பா, பீற்றா என்ற முதல் இரண்டு எழுத்துகளின் பெயரை ஒட்டவைத்து முழு வரிசைக்கும் பெயராக்கினார்கள். அந்தப் பெயர்களைக் கிரேக்கர் செமித்திய எழுத்துகளிடமிருந்து எடுத்தார்கள். அங்கே முதலாவது மாடு, இரண்டாவது வீடு. நாம் ‘ஆனா ஆவன்னா’ என்று சொல்வதும் இதே வழிதான். தமிழில் இதற்கு நல்ல பழஞ்சொல் நெடுங்கணக்கு. எங்கள் பக்கத்தில் சின்ன வகுப்பை அரிவரி என்பார்கள், அதுவும் எழுத்து வரிசைதான். பழைய தமிழில் எழுத்தறிவித்தவருக்குக் கணக்காயர் என்று பெயர். எழுத்தும் கணக்கும் ஒரே வீட்டில் இருந்த காலம் அது. கணினிக்காரருக்கு இதைவிட நல்ல சகுனம் வேண்டுமா?

ஆனால் கோட்பாட்டில் வரும் அல்பபெற் நெடுங்கணக்கு அல்ல. வரிசை அங்கே முக்கியமில்லை, ஒலியும் இல்லை. வெறுமையாக இல்லாத, முடிவுள்ள ஒரு குறியீட்டுத் தொடை, அவ்வளவுதான். வழக்கமாக அதைச் சிக்மா என்ற கிரேக்க எழுத்தால் குறிப்பார்கள். 0, 1 என்ற இரண்டும் போதும். கூத்துக் களரியில் மத்தளத்துக்குச் சொல்லும் ‘தக’, ‘தெய்’ என்ற இரண்டை எடுத்தாலும் அது ஒரு அல்பபெற்தான். ‘தக’ என்று எழுத இரண்டு எழுத்து வேண்டும், ஆனால் இங்கே அது ஒரே குறியீடு. எது ஒன்று, எது இரண்டு என்பதை நாமே முதலில் முடிவு செய்துவிட வேண்டும். இந்த இடத்தில்தான் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள்.

நம் ஊர்ப் பெயரையே எடுங்கள். மட்டக்களப்பு என்பதன் நீளம் என்ன? 247 எழுத்தையும் குறியீடாக வைத்தால் ம, ட், ட, க், க, ள, ப், பு என்று 8. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆக 31 மட்டுமே குறியீடு, உயிர்மெய் என்பது இரண்டின் கூட்டு என்று வைத்தால் 13. யூனிக்கோட் முறையில் கணினி சேமிப்பதைப் பார்த்தால் புள்ளியும் உகரக் குறியும் தனித்தனிக் குறியீடுகள், அகரத்துக்குத் தனிக்குறி கிடையாது; ஆக 12. ஒரே ஊர், மூன்று நீளம். தமிழ்ப் பெயரை எழுதச் சொல்லும் படிவங்களில் ‘அதிகபட்சம் 20 எழுத்து’ என்று போட்டுவிட்டு 13ஆம் எழுத்திலேயே மூடிக்கொள்கிறதே, அதன் காரணம் இதுதான். செய்தவர் ஒரு அல்பபெற்றை மனதில் வைத்தார், கணினி வேறொன்றை எண்ணியது.

ஆகவே அல்பபெற்றுக்கு நெடுங்கணக்கு வேண்டாம், ‘குறியீட்டுத் தொடை’ என்றே இப்போது எழுதுகிறேன். இந்தியத் தமிழர் தொடையைக் கணம் என்பார்கள், அவர்களுக்குக் குறியீட்டுக் கணம். எப்படியும் ‘எழுத்து’ உள்ளே வராமல் பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்தது வேர்ட். அகராதி பார்த்தால் சொல் என்று வரும். அதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. ‘எல்லாச் சொல்லும் பொருள் குறித்தனவே’ என்கிறது தொல்காப்பியம். நன்னூல் பதத்துக்கு வரையறை சொல்லும்போதும், எழுத்து தனித்தோ தொடர்ந்தோ பொருள் தந்தால்தான் பதம் என்கிறது. நம் மரபில் பொருள் இல்லாவிட்டால் சொல் இல்லை. கோட்பாட்டிலோ வேர்ட் என்பது குறியீடுகளின் முடிவுள்ள ஒரு வரிசை மட்டும். ‘தக தெய் தெய்’ ஒரு வேர்ட், ‘தெய் தெய் தெய்’ இன்னொன்று. என்ன பொருள் என்று கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் கேட்டால் சிரிப்பார். இரண்டு குறியீட்டில் நீளம் 3 உள்ள வேர்ட்கள் 8, நீளம் 10 என்றால் 1,024. ஒன்றுக்கும் பொருள் தேவையில்லை. இப்படிப்பட்ட வரிசைகளையே பொருளாக எடுத்து ஆராய்ந்த முன்னோடிகளில் ஒருவர் நோர்வேக் கணிதர் அக்செல் தூ. இதைப் பற்றிய அவருடைய முதல் கட்டுரை 1906இல் வந்தது. கணினி அப்போது ஏது?

அதே பொருளில் ஸ்ரிங் என்றும் சொல்வார்கள். அதற்குச் சரம் என்ற பெயர் பரவலாகிவிட்டது. எனக்குப் பிடித்த சொல். பூச்சரத்தில் எந்தப் பூவுக்குப் பின் எந்தப் பூ என்பது உண்டு, ஒரே நிறம் திரும்பவும் வரலாம், எங்கோ ஒரு முடிச்சில் முடியவும் வேண்டும். வரையறையின் மூன்று பகுதியும் அதில் இருக்கின்றன. ஒரு வேடிக்கை: தொடை என்றாலும் தொடுத்தது, மாலை என்றுதான் பழைய பொருள். ஒழுங்கே இல்லாத கூட்டத்துக்கு நம் பாடநூல்கள் மாலையின் பெயரைக் கொடுத்துவிட்டன. நியாயமாகப் பார்த்தால் ஸ்ரிங்குக்குப் போக வேண்டிய சொல் அது. இனி யார் மாற்றுவது? காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கியவர். அவர் இருந்திருந்தால் ஒரு முறை கேட்டுப் பார்க்கலாம்.

நீளம் 0 உள்ள சரமும் உண்டு. எப்சிலன் என்று எழுதுவார்கள். வெறுஞ்சரம் என்கிறேன். மத்தளத்துக்கு மேலே கை நிற்கிறது, இன்னும் ஓர் அடியும் விழவில்லை, அதுதான் வெறுஞ்சரம். எதனோடு சேர்த்தாலும் அதை மாற்றாது. கூட்டலில் 0 போல. வெறுஞ்சரம் மட்டும் உள்ள தொடையையும், ஒன்றுமே இல்லாத சூனியத் தொடையையும் குழப்ப வேண்டாம். ஒன்றுமே இல்லாத ஓலைப்பெட்டி வேறு, உள்ளே ஒரு வெறும் பெட்டி வைத்த பெட்டி வேறு. முன்னதில் மூலகம் இல்லை, பின்னதில் ஒன்று உண்டு.

சிக்மாவிலுள்ள குறியீடுகளால் கட்டக்கூடிய எல்லாச் சரங்களையும், வெறுஞ்சரம் உட்பட, சேர்த்தால் வருவது சிக்மாவின் தலையில் ஓர் உடுக்குறி (*) போட்ட தொடை. அமெரிக்கத் தருக்கவியலாளர் ஸ்டீவன் கிளீனியின் பெயரால் அந்தக் குறியை அழைக்கிறார்கள். ஒவ்வொரு சரமும் முடிவுள்ளது, சரங்களின் எண்ணிக்கை முடிவற்றது. அந்தப் பெருந்தொடையின் எந்தத் தொடைப்பிரிவும், அதாவது அதிலிருந்து பொறுக்கியெடுத்த எந்தக் கூட்டமும், ஒரு லாங்குவேஜ். இலக்கணம் கட்டாயமில்லை, பேசுவோர் தேவையில்லை.

இதற்கு வகுப்பில் நான் எடுப்பது இலங்கையின் பழைய அடையாள அட்டை இலக்கம். குறியீடுகள் பத்து இலக்கங்களும் வி, எக்ஸ் என்ற இரண்டு எழுத்தும். முதல் ஒன்பதும் இலக்கம், கடைசியில் வி அல்லது எக்ஸ். அந்த வடிவுள்ள சரங்கள் 200 கோடி, அது ஒரு லாங்குவேஜ். நான்கு கோடிப் பேர்கூட இல்லாத நாட்டில் அத்தனை அட்டை எங்கே? கேள்வியே தவறு. ஆள் இருக்கிறாரா என்று இந்த லாங்குவேஜ் கேட்பதில்லை. விதியை இறுக்கலாம்: மூன்றாவதிலிருந்து ஐந்தாவது வரை பிறந்த நாளின் வரிசை எண், பெண்களுக்கு 500 கூட்டியது. அப்போது நடுவில் 400 வரும் சரம் விழுந்துவிடும், லாங்குவேஜ் சிறுத்துவிடும். இப்படி வடிவத்தை மட்டும் பார்ப்பதால்தான் ‘போமல் லாங்குவேஜ்’ என்கிறார்கள். போமல் என்பதை ‘முறைசார்’ என்று பெயர்த்தால் அலுவலகக் கடிதம் நினைவுக்கு வருகிறது. ‘வடிவ மொழி’ என்பது கிட்ட நிற்கிறது.

சரி, மொழி? லாங்குவேஜின் அடியில் இருப்பது நாக்கைக் குறிக்கும் இலத்தீன் சொல். மொழியின் அடியில் மொழிதல், அதாவது சொல்லுதல். ஆனால் நம் இலக்கணத்தில் மொழி என்றால் பெரும்பாலும் தனிச்சொல்தான். ஓரெழுத்தொருமொழி, தொடர்மொழி என்பவற்றைப் பாருங்கள். ஆகவே மொழிமுதல் எழுத்து என்றால் சொல்லின் முதலெழுத்து. எந்த எழுத்து முதலில் வரலாம், எது இறுதியில் வரலாம், எந்த மெய்யோடு எது நிற்கலாம் என்று விதி வகுத்தார்களே, அது அப்படியே ஒரு வடிவ மொழியின் வரையறை. பொருளைத் தொடவே இல்லை. முன்னால் போன ஓரிரு எழுத்தை மட்டும் நினைவில் வைக்கும் முடிவுள்ள நிலைத் தானியங்கி ஒன்று, அதாவது எழுத்தெழுத்தாக வாசித்து ஏற்கும் அல்லது தள்ளும் ஒரு கற்பனை இயந்திரம், அதைச் சரிபார்த்துவிடும். 1956இல் மொழியியலாளர் நோம் சோம்ஸ்கி இலக்கணங்களை வலுவின்படி தரம்பிரிக்கத் தொடங்கியபோது, அடித்தட்டில் வைத்த வகை அதுதான்.

அதனால் இந்த இடத்தில் மட்டும் ‘மொழி’ என்ற பெயரை விடமாட்டேன். பிள்ளைகளுக்கு ஒரு வேலையும் கொடுத்தேன். லொறி அந்த விதிகளில் தேறாது, லகரம் மொழிக்கு முதலில் வராது. கல்முனை வீதியில் நாள் முழுக்க ஓடினாலும் வெளியே நிற்க வேண்டியதுதான். ‘மக்டளப்பு’ தேறாது, ககர மெய்க்குப் பின் ககரமன்றி வேறெதுவும் நிற்காது. ‘மட்களப்பு’? டகர மெய்க்குப் பின் ககரம் வரலாம். அப்படி ஓர் ஊர் இல்லை, ஆனாலும் அது அந்த மொழியில் உண்டு. பின்வரிசைப் பிள்ளை அதைப் பலகையில் எழுதி, நீளம் 6 என்று பக்கத்தில் குறித்தாள்.