டெட்ரிஸ்: சமமான மேல்மட்டம் ஏன் காலை வாரிவிடும்?

1984-இல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணிப்பு மையத்தில் அலெக்சி பஜித்னோவ் டெட்ரிஸை எழுதினார். மேலிருந்து விழும் துண்டுகளைத் திருப்பி அடுக்கி, முழுதாக நிரம்பும் வரிசைகளை அழிக்கும் கணினி விளையாட்டு இது. அவர் பயன்படுத்திய எலக்ட்ரோனிகா 60 கணினியில் படம் வரையும் வசதி இல்லை. அடைப்புக்குறிகளை அடுக்கியே துண்டுகளைக் காட்டினார். அன்றைய 10 கட்ட அகலமும் 20 கட்ட உயரமும், நான்கு நான்கு கட்டங்களால் ஆன 7 வகைத் துண்டுகளும்தான் இன்றைய கணினி விளையாட்டிலும் இருக்கின்றன.

துண்டு வேகமாக விழுவதால் தோற்கிறோம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் தோற்கடிப்பது வேகமல்ல, அடுக்கின் மேல்மட்ட வடிவம். புதிதாக ஆடுபவர் மேல்மட்டத்தைப் பலகை போலச் சமமாக வைக்கப் பார்ப்பார். துண்டுகளுக்கு அவற்றின் வடிவத்தை ஒத்த ஆங்கில எழுத்துகளே பெயர். அப்போது எஸ் (S) அல்லது இசட் (Z) துண்டு வந்தால், எப்படித் திருப்பி வைத்தாலும் அடியில் ஓர் ஓட்டை விழும். எஸ் துண்டைப் படுக்க வைக்க, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நெடுவரிசைகள் ஒரே உயரத்திலும், அவற்றின் வலப்பக்கம் உள்ளது ஒரு கட்டம் உயர்ந்தும் இருக்க வேண்டும். நிற்க வைப்பதானால், வலப்பக்கம் ஒரு கட்டம் இறங்கும் படி போதும். இசட் துண்டுக்கு இவை அப்படியே இடம் வலமாக மாறும். சதுரமான ஓ (O) துண்டுக்கு இரண்டு கட்டச் சமதளம் வேண்டும். ஆகவே ஏறும் படி ஒன்று, இறங்கும் படி ஒன்று, சமதளம் ஒன்று: இந்த மூன்றும் எப்போதும் இருந்தால் எந்தத் துண்டு வந்தாலும் இடம் கிடைக்கும்.

பள்ளத்தின் ஆழத்தையும் கவனியுங்கள். ஒரு நெடுவரிசை அகலப் பள்ளம் 2 கட்டம் ஆழமென்றால் எல் (L) அல்லது ஜே (J) துண்டின் நீண்ட காலைத் தொங்கவிட்டு அடைக்கலாம். 3 கட்டம் ஆகிவிட்டால் நேர்கோடான ஐ (I) துண்டு மட்டுமே அதை ஒழுங்காக நிரப்பும். அப்படிப்பட்ட பள்ளம் ஒன்றுதான் இருக்கலாம், அதுவும் ஓரத்தில். வலது ஓரத்தைக் காலியாக விட்டு மற்ற 9 நெடுவரிசைகளை 4 வரிசை உயரத்துக்கு நிரப்பினால், ஒரே ஐ துண்டில் 4 வரிசையும் அழியும். இன்றைய பொது விதிப்படி ஒற்றை வரிசைக்கு 100 புள்ளி, நான்கும் சேர்ந்தால் 800, இரண்டையும் ஆட்டத்தின் அப்போதைய நிலை (லெவல்) எண்ணால் பெருக்க வேண்டும்.

ஐ துண்டு வரவே வராதோ என்ற பயம் வேண்டாம். இன்றைய பதிப்புகளில் 7 துண்டுகளையும் ஒரு பைக்குள் போட்டுக் குலுக்கி ஒவ்வொன்றாக எடுப்பதுபோல் நிரல் வரிசைப்படுத்துகிறது. பை காலியான பிறகே அடுத்த பை. எனவே இரண்டு ஐ துண்டுகளுக்கு நடுவே அதிகபட்சம் 12 துண்டுகள்தான் வர முடியும். 4 வரிசை என்பது 40 கட்டம், அதாவது 10 துண்டு. 70 துண்டுகளில் ஐ துண்டு 10 முறை வரும், ஆனால் அவை 4 வரிசைகளை ஏழு முறைதான் நிரப்பும் என்பதால் பள்ளத்துக்கு 7 போதும். மிச்சம் மூன்றைத் தயங்காமல் அடுக்கில் படுக்க வையுங்கள்.

விசைகளிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அம்புக்குறியை அழுத்திப் பிடித்தால் துண்டு ஒரு கட்டம் நகர்ந்து, சற்றே தாமதித்து, பிறகு தானாகச் சுவர்வரை ஓடும். மூன்று கட்ட அகலத் துண்டு வலது ஓரத்துக்கு ஒரு கட்டம் முன்னால் நிற்க வேண்டுமா? வலதை மூன்று முறை தட்டி எண்ணிக்கை தவறுவதைவிட, பிடித்துச் சுவரில் மோதவிட்டு இடதை ஒருமுறை தட்டுவது நம்பகமானது. மலிவான கீபோர்டுகளில் விசைகள் கம்பிகளைப் பகிர்ந்துகொள்வதால், சில மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தும்போது மூன்றாவது பதிவாகாமல் போகும். மேல் அம்புக்குறி துண்டைத் திருப்பும், ஸ்பேஸ் பார் அதை ஒரேயடியாகக் கீழே விழச் செய்யும். நோட்பேடில் சில எழுத்துகளை அடித்து, இடது, மேல் அம்புக்குறிகளைப் பிடித்தபடி ஸ்பேஸ் பாரைத் தட்டிப் பாருங்கள். இடைவெளி விழாவிட்டால் திருப்புவதற்கு மேல் அம்புக்குறியை விட்டு, இடது கையால் இசட், எக்ஸ் விசைகளைப் பயன்படுத்துங்கள்.

தரையைத் தொட்ட துண்டு உடனே இறுகாது. பொதுவாக அரை வினாடி அவகாசம் உண்டு, அதற்குள் நகர்த்தவும் திருப்பவும் முடியும். ஸ்பேஸ் பாரால் விழச் செய்தால் அந்த அவகாசம் இல்லை.

ஓட்டை விழுந்துவிட்டால் அந்த நெடுவரிசையின் மேல் இன்னொரு துண்டை வைக்காதீர்கள். ஓட்டையை மூடியிருக்கும் வரிசைகளை முதலில் அழித்தால்தான் அது திறக்கும். மேலே ஏறும் ஒவ்வொரு துண்டும் அழிக்க வேண்டிய வரிசைகளைக் கூட்டும். அடுக்கு பாதி உயரத்தைத் தாண்டிவிட்டால் 800 புள்ளி ஆசையை விட்டு, ஒன்றும் இரண்டுமாக வரிசைகளை அழித்துக் கீழே இறங்குங்கள்.