ஜோடியைப் பிரிக்காதீர்கள்: ஸ்டீரியோ ஸ்லைடு ஸ்கேனுக்குப் போகும் முன்

சமீபத்தில் என் மேசைக்கு ஒரு பெட்டி வந்தது. 1950-களில் அமெரிக்காவில் எடுத்த குடும்பப் படங்கள், எல்லாமே ஸ்டீரியோ ஸ்லைடுகள்: இடக்கண்ணுக்கு ஒன்று, வலக்கண்ணுக்கு ஒன்று என இரண்டு பிலிம் துண்டுகள் ஒரே அட்டையில் சேர்ந்து ஆழத்தைக் காட்டும் படங்கள். எனக்கு முன்னால் ஒரு கடையில் கொடுத்திருக்கிறார்கள். அங்கே அட்டைகளைக் கிழித்து, பிலிம் துண்டுகளைத் தனித்தனி மவுன்டில் (ஸ்லைடுச் சட்டத்தில்) போட்டு, அட்டைகளைக் குப்பைக்கு அனுப்பிவிட்டார்கள். எதற்கு எது ஜோடி, எது இடது, எது வலது, ஒன்றும் தெரியவில்லை.

மில்வாக்கியின் டேவிட் ஒயிட் நிறுவனம் 1947-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்டீரியோ ரியலிஸ்ட் கேமராவில் எடுத்தவை அவை. அதில் 70 மி.மீ. இடைவெளியில் இரண்டு லென்ஸ்கள். ஒரே கிளிக்கில் இரண்டு ஃப்ரேம் பதியும். கழுவிய பிறகு இரண்டையும் நாலங்குல அட்டை ஒன்றில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். பார்க்க இரண்டு துண்டு, ஆனால் படம் ஒன்றுதான். இடதும் வலதும் இடம் மாறினால் ஆழம் தலைகீழாகும்: பின்னால் நிற்கும் மரம் முன்னே வரும், முன்னால் நிற்கும் ஆள் பின்னே போவார்.

எது இடது என்று கண்டுபிடிக்க விரலே போதும். முகத்துக்கு முன்னால் ஒரு விரலை நிறுத்தி, முதலில் ஒரு கண்ணையும் பிறகு மற்றொன்றையும் மூடிப் பாருங்கள். இடக்கண்ணால் பார்க்கும்போது, பின்னால் உள்ள சுவரை வைத்துப் பார்த்தால், விரல் வலப்பக்கம் தள்ளித் தெரியும். பிலிமிலும் அப்படித்தான். அந்தப் பெட்டியில் ஒரு படம், வாசற்படியில் ஒரு சிறுமி, பின்னால் வேலி. ஒரு துண்டில் அவள் தோள் வேலிக்கம்பை மறைத்தது. மற்றொன்றில் அதே கம்பு தோளுக்கு வலப்பக்கம் முழுசாகத் தெரிந்தது. கம்பை மறைத்ததுதான் இடது. இப்படியே ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் சேர்த்தேன்.

ஸ்கேன் செய்யும்போது இரண்டையும் சேர்த்து ஒரே ஓட்டத்தில் எடுங்கள். தானியங்கி எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), தானியங்கி கிராப் (ஓரம் வெட்டுவது) இரண்டையும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரு கண்ணுக்கு வெளிச்சம், மறு கண்ணுக்கு இருட்டு. 2400 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 2400 புள்ளி) இரண்டு துண்டுகளுக்கும் இடையே 0.1 மி.மீ. ஏற்ற இறக்கம் என்பது சுமார் 9 பிக்சல். நம் கண்கள் உள்ளே திரும்பிப் பழகியவை. ஒன்று மேலும் ஒன்று கீழும் போகப் பழகியவை அல்ல. அந்தச் சிறு பிசகிலேயே தலை வலிக்கலாம். ஸ்டீரியோபோட்டோ மேக்கர் என்ற இலவச மென்பொருளில் அதைச் சரிசெய்துகொள்ளலாம்.

கண்ணாடிப் பிம்பமாக ஸ்கேன் ஆகிவிட்டால் ரொம்பக் கவனம். முழு அட்டையும் சேர்ந்து புரண்டிருந்தால் ஆழம் சரியாகவே தெரியும், தவறு பிடிபடாது. கடைப் பலகையின் எழுத்தைப் படித்துப் பார்த்தால்தான் தெரியும். அப்போது முழு அட்டையாகவே திருப்புங்கள். ஒவ்வொரு படத்தையும் தனியாகத் திருப்பினால் ஆழம் புரண்டுவிடும்.

கோடாக்குரோம் (கோடாக்கின் பழைய வண்ண ஸ்லைடு) பிலிமாக இருந்தால், ஸ்கேனரின் அகச்சிவப்புத் தூசி நீக்கத்தை அணைத்துவிட்டுத் தூசியைக் கையால் எடுங்கள். அது சாயத்தையே தூசி என்று எண்ணி விவரங்களை அழித்துவிடக்கூடும்.

அப்புறம், அட்டை. ஸ்கேன் செய்வதற்கு முன் அதை இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துவையுங்கள். பென்சிலில் ஊர், வருஷம், பெயர் இருக்கும். அந்தச் சிறுமியின் பெயரும் அப்படி ஓர் அட்டையில் இருந்திருக்கலாம். இப்போது அந்தக் குடும்பத்தில் யாருக்கும் அவள் யாரென்று தெரியவில்லை.