போர்வெல் தண்ணீரில் வெளுக்கும் செடிகள்: பி.எச். எண்ணை மட்டும் பார்த்து ஆசிட் ஊற்றாதீர்கள்

நெல்லை மாவட்டத்தில் பாளையங்கோட்டை, தாழையூத்து, மானூர்ப் பக்கம் போர் தண்ணீரிலேயே வளரும் இட்லிப்பூச் செடியைக் கவனியுங்கள். அடி இலை பச்சையாக இருக்கும். கொழுந்து மட்டும் மஞ்சளாக வெளுத்து, நரம்புகள் பச்சைக் கோடுகளாகத் தெரியும். ரோஜா, செம்பருத்தி, கறிவேப்பிலை, எலுமிச்சைக்கும் இதே கதைதான். இது இரும்புச்சத்துக் குறை. பெரும்பாலும் மண்ணில் இரும்பு இருக்கும். சுண்ணாம்பு ஏறிய மண்ணில் அது கரையாததால் வேருக்குக் கிடைப்பதில்லை. தழைச்சத்துக் குறையென்றால் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும். ஆகவே கொழுந்து வெளுத்ததற்கு யூரியா போடுவது வீண்.

இதற்குத் தீர்வு என்று பலர், தண்ணீர் அமிலமா காரமா என்று எண்ணில் காட்டும் பேனா மாதிரியான பி.எச். மீட்டர் வாங்குகிறார்கள். 8 காட்டினால் பதறுகிறார்கள். ஆனால் செடியைக் கெடுப்பது அந்த எண் அல்ல, தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட். ஆய்வறிக்கையில் 'காரத்தன்மை' என்று வருவது கிட்டத்தட்ட இதுதான். தாமிரபரணித் தண்ணீர் பாபநாசத்தில் மலையிறங்கும்போது மெல்லிய தண்ணீர். அதில் பி.எச். கொஞ்சம் கூடினாலும் செடிக்கு ஒன்றும் ஆகாது. தாழையூத்து சிமெண்டுக்கே சுண்ணாம்புக்கல் வெட்டுகிற பூமி; அந்த மாதிரி இடத்துப் போர் தண்ணீர் பி.எச். 7.4 காட்டினாலும் காரத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராமைத் தாண்டலாம். அப்படிப்பட்ட தண்ணீரைத் தொட்டிக்குத் தினம் ஒரு லிட்டர் ஊற்றினால், ஓராண்டில் 110 கிராம் சுண்ணாம்பைக் கொட்டியதற்குச் சமம். பத்து லிட்டர் தொட்டிக்கு அது தாங்காது.

அதனால் முதல் வேலை தண்ணீர்ப் பரிசோதனை. மோட்டாரைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, ஒரு லிட்டர் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, காற்று இல்லாமல் விளிம்புவரை நிரப்பி அன்றே வேளாண்மைத் துறையின் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். பி.எச்., உப்பின் அளவு (இ.சி.), கார்பனேட், பைகார்பனேட், கால்சியம், மக்னீசியம், சோடியம் எல்லாம் கேட்டு வாங்குங்கள். பைகார்பனேட்டை மில்லி ஈக்குவலண்ட் கணக்கில் தந்தால் 50ஆல் பெருக்கினால் காரத்தன்மை வந்துவிடும். அவசரத்துக்கு மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும், காரத்தன்மையைச் சொட்டுக் கணக்கில் அளக்கும் கே.எச். பரிசோதனை மருந்தும் போதும். ஒரு டிகிரிக்குச் சுமார் 18 மில்லிகிராம்.

தொட்டிச் செடிக்குத் தண்ணீரைத் திருத்தலாம். மளிகைக்கடை எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், போதும். காரத்தன்மையை 100 மில்லிகிராம் அளவுக்கு இறக்கினால் போதும், முழுக்க அழிக்க வேண்டாம். குறைக்க வேண்டிய ஒவ்வொரு 100 மில்லிகிராமுக்கும் பத்து லிட்டர் வாளிக்கு 1.8 கிராம் என்பது கணக்கு. 300 உள்ள தண்ணீருக்கு 3.6 கிராம். நகை நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசில் நிறுங்கள். ஸ்பூன் கணக்கு வேண்டாம். கலக்கியதும் மீட்டர் 6 வாக்கில் காட்டும். மறுநாள் காலை அதே வாளி திரும்ப 8-ஐ நெருங்கும். கரைந்திருந்த கரியமிலவாயு வெளியேறியதால் வந்த ஏற்றம் அது; சுண்ணாம்பு திரும்பி வரவில்லை. அதைப் பார்த்துப் பயந்து இன்னொரு ஸ்பூன் போடுகிறவர்கள்தான் வேரைச் சுட்டுவிடுகிறார்கள். சிட்ரிக் அமிலத்துக்கும் ஒரு குறை உண்டு: மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதைத் தின்று பைகார்பனேட்டாகவே திருப்பிவிடும். அதை மட்டும் நம்பாமல், பதினைந்து நாளைக்கு ஒருமுறை லிட்டருக்கு 2 கிராம் அம்மோனியம் சல்பேட் கரைத்து, ஈரமான மண்ணில் ஊற்றுங்கள். அந்த 2 கிராம், மேலே சொன்ன தண்ணீரில் ஏழு லிட்டரின் சுண்ணாம்பை அடித்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடித்து வைத்தால் இதெல்லாம் பாதி குறையும். வெயிலுக்காகச் சுண்ணாம்பு அடித்த மொட்டை மாடியென்றால் முதல் சில மழையை விட்டுவிடுங்கள்.

ஆர்.ஓ. மெஷின் கழிவுத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள், உப்பும் காரமும் அதில்தான் திரண்டிருக்கும். உப்பு போட்டு இயங்கும் சாஃப்ட்னர் தண்ணீரும் ஆகாது. உவர்த் தண்ணீருக்கு ஆசிட் மருந்தே அல்ல, உப்பை அது குறைக்காது.

சோப்பு நன்றாக நுரைக்கிறது, பருப்பு வேகிறது, ஆனால் மண் மட்டும் ஏடு கட்டி இறுகுகிறது என்றால் வேறு பிரச்சினை: கால்சியம் குறைந்து சோடியம் மிகுந்த தண்ணீர். அறிக்கையில் மில்லி ஈக்குவலண்ட் கணக்கில் உள்ள கார்பனேட்டையும் பைகார்பனேட்டையும் கூட்டி, கால்சியம், மக்னீசியத்தைக் கழியுங்கள். மிச்சம் 1.25-க்குள் இருந்தால் கவலையில்லை. 2.5-ஐத் தாண்டினால் அப்படியே பாய்ச்சக் கூடாது. மிஞ்சும் ஒவ்வொரு அலகுக்கும் ஆயிரம் லிட்டருக்கு 86 கிராம் ஜிப்சம் வேண்டும்.

வயலுக்கு வேறு கணக்கு. சுக்கான் (சுண்ணாம்புக் கட்டி) கிடக்கும் நிலத்தில் ஒரு பிடி மண்ணில் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. மேல்மண்ணில் வெறும் 1 சதவீதம் சுண்ணாம்பு என்றாலே ஏக்கருக்குச் சுமார் 9 டன். அதைக் கரைக்க ஏறக்குறைய அதே எடைக்குக் கந்தக அமிலம் வேண்டும். 'மண்ணின் பி.எச். இறக்கும் திரவம்' என்று லிட்டர் கணக்கில் விற்பதை வாங்குவது காசைக் கரைக்கிற வேலை. யூரியாவுக்குப் பதில் அம்மோனியம் சல்பேட் போட்டு மண்ணால் மூடுங்கள்; மூடாவிட்டால் சுண்ணாம்பு மண்ணில் அது அம்மோனியாவாகப் பறந்துவிடும். இரும்பை இலைவழி கொடுங்கள். பத்து லிட்டர் தண்ணீரில் முதலில் 10 கிராம் சிட்ரிக் அமிலம், பிறகு 50 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்). வரிசை மாறினால் கரைசல் துருநிறமாகிவிடும், பிறகு பயனில்லை. சாயங்காலம், கொழுந்து நனைய, பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை அடியுங்கள். பூவில் பட்டால் கறை விழும். கடையில் இரும்புச் செலேட் (இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்து வைக்கும் உரம்) கேட்டால் பெரும்பாலும் இ.டி.டி.ஏ. (EDTA) வகைதான் தருவார்கள், பி.எச். 6.5-க்கு மேல் அது மண்ணில் நிற்காது. வேர் வழியே கொடுக்க இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

சொட்டுநீர்க் குழாயில் வெள்ளைப் பொருக்கு அடைத்தால் அங்கே ஆசிட் வேலை செய்யும். பத்து லிட்டர் தண்ணீரில் கடை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை மில்லி மில்லியாக விட்டு, பி.எச். 4-க்கு எவ்வளவு என்று பாருங்கள். 300 காரத்தன்மைக்கு 6 மில்லி வாக்கில் வரும். அந்த விகிதத்தில் வெஞ்சுரி (ஓடும் தண்ணீரில் உரத்தை உறிஞ்சிக் கலக்கும் கருவி) வழியே செலுத்துங்கள். கடைசிச் சொட்டுவாயில் 4 தெரிந்ததும் மோட்டாரை நிறுத்தி, மறுநாள் குழாய் நுனிகளைத் திறந்து அலசிவிடுங்கள். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். பாசிக்குப் பிளீச்சிங் பவுடர் விடுகிறவர்கள் அதையும் இதையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்.