பிளாக் பெல்ட்டோடு புது வகுப்புக்குப் போகிறவர்களுக்கு

பிசியோதெரபிக்காக என்னிடம் வரும் தற்காப்புக்கலை ஆட்களில், ஒன்றுமே தெரியாமல் போய்ச் சேர்ந்தவர்களைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. அவர்கள் பயந்து பயந்துதான் இறங்குவார்கள். மாஸ்டரும் ஒரு கண் வைத்திருப்பார். கவலையெல்லாம் மற்றவர்கள்மேல்தான். பல வருஷம் கராத்தே செய்துவிட்டு ஜூஜிட்சு பக்கம் போனவர், டேக்வாண்டோவிலிருந்து கிக் பாக்சிங்குக்கு மாறியவர், சின்ன வயதில் சிலம்பம் சுற்றிவிட்டு நாற்பதில் களரி தேடிப் போனவர். இவர்களுக்கு மூச்சு இருக்கிறது, துணிச்சல் இருக்கிறது, அடி வாங்கிய பழக்கமும் இருக்கிறது. அதனால் முதல் வாரமே பழைய மாணவர்களோடு மோத விட்டுவிடுகிறார்கள். மூட்டுகளுக்கோ அது முதல் வாரம்தான்.

கலை மாறுவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. 1882இல் ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோவே இரண்டு பழைய ஜூஜுட்சு மரபுகளில் மாணவராக இருந்தவர்தான். நம் காலத்தில் ரிது போகட்டைப் பாருங்கள். மல்யுத்தக் குடும்பத்தில் பிறந்து, 2016 காமன்வெல்த் மல்யுத்தத்தில் தங்கம் வாங்கியவர். 2019இல் கலப்புத் தற்காப்புக் கலைக்கு மாறி முதல் போட்டியிலேயே ஜெயித்தார். 2021 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த ஒன் சாம்பியன்ஷிப் தொடரின் இறுதிப் போட்டியில் அவரை வீழ்த்தியது தாய்லாந்தின் ஸ்டாம்ப் ஃபேர்டெக்ஸ். நின்று உதைக்கும் தாய்லாந்துக் கலையான முய் தாயிலிருந்து வந்த ஸ்டாம்ப் உதைத்து ஜெயிக்கவில்லை. தரையில் ரிதுவின் கையைப் பூட்டி ஜெயித்தார். தரைச் சண்டை மல்யுத்தக்காரருக்குச் சொந்த ஊர் என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்போம். ஆனால் மல்யுத்தத்தில் முழங்கையைப் பூட்டி நீட்டவே விதி இடம் தராது. மேலே ஏறி அழுத்தும்போது தன் கை எங்கே கிடக்கிறது என்று கவலைப்பட அந்தப் பயிற்சி சொல்லித் தருவதும் இல்லை.

விதி எதைத் தடுத்திருக்கிறதோ, அதற்கு எதிரான காப்பு உங்கள் உடம்பில் வளர்ந்திருக்காது. மாறி வருகிறவர்களின் காயங்களில் பெரும்பாதியை இந்த ஒரு கணக்கை வைத்தே சொல்லிவிடலாம்.

முதலில் விழுவது. சிலம்பமும் கராத்தேயும் நின்று ஆடுகிற கலைகள். ஜூடோவில் ஒரே வகுப்பில் எத்தனையோ முறை விழ வேண்டியிருக்கும். விழும் நொடியில் கையை ஊன்றுவது மனித இயல்பு. ஊன்றினால் உடம்பின் எடை முழுவதும் மணிக்கட்டிலோ காறை எலும்பிலோ போய் இறங்கும். மணிக்கட்டைப் பற்றி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கட்டைவிரலை நன்றாக விரித்து நீட்டிப் பாருங்கள், அதன் அடியில் மணிக்கட்டு ஓரமாக ஒரு சின்னக் குழி விழும். கை ஊன்றி விழுந்த பிறகு அந்தக் குழிக்குள் அழுத்தினால் சுரீரென்று வலிக்கிறதா? ஸ்கேஃபாய்ட் என்ற சிறு எலும்பு விரிசல் விட்டிருக்கலாம். இதில் சிக்கல், முதல் நாள் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகக்கூடும். "எக்ஸ்ரே நார்மல் சார், சுளுக்குதான்" என்று கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு தண்டால் எடுக்கிறவர்கள் உண்டு. ரத்த ஓட்டம் குறைந்த எலும்பு அது, அசைத்துக்கொண்டே இருந்தால் ஒட்டாது. பத்து, பதினான்கு நாளில் மறுபடி எக்ஸ்ரே எடுக்க வேண்டும், அல்லது எம்ஆர்ஐ. அதுவரை மணிக்கட்டுக்கு அசைவில்லாத கட்டு.

விழும்போது தலையும் இருக்கிறது. ஜூடோவில் முதலில் சொல்லித் தருவது தாடையை நெஞ்சோடு ஒட்டி வைக்கத்தான். ஜப்பானில் 1983 முதல் 2011 வரை பள்ளி ஜூடோவில் நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். அவர்களில் நிறையப் பேர் முதல் வருஷ மாணவர்கள். காலை வெளிப்பக்கமாக வாரிப் பின்னால் சாய்க்கும் வீச்சில் பிடரி தரையில் மோத, மண்டையோடு உடையாமலே உள்ளே ரத்தக்குழாய் கிழிந்து மூளையைச் சுற்றி ரத்தம் கட்டிவிடும். 2012இல் அங்கே நடுநிலைப் பள்ளிகளில் தற்காப்புக்கலை கட்டாயப் பாடமானபோது இது பெரிய விவாதமாக வெடித்தது. ஜூடோ பிறந்த நாட்டிலேயே இந்த நிலை என்றால், மொட்டை மாடியில் இரண்டு ரப்பர் விரிப்பைப் போட்டு நடக்கும் வகுப்பில் நம் தலையை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஹெல்மெட் இருக்கிறதே என்பார்கள். குத்துச்சண்டையில் போடும் தலைக்கவசம் புருவம் கிழியாமல் காக்கும். மூளை குலுங்குவதை அது தடுப்பதில்லை. உயர்மட்ட ஆண்கள் குத்துச்சண்டையில் 2013இலேயே அதைக் கழற்றிவிட்டார்கள், ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் வெறும் தலையோடுதான் மோதினார்கள். ஆக, "ஒரு செகண்ட் கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு, அப்புறம் சரியாயிடுச்சு" என்றால் அன்றைக்கு ஸ்பாரிங் (பயிற்சி மோதல்) முடிந்தது, அவ்வளவுதான். வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் எழாத தூக்கம், பேச்சுக் குழறல், இதில் ஒன்று இருந்தாலும் ராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒன்றும் இல்லை என்றாலும் தலைவலியும் தலைச்சுற்றலும் முழுதாகத் தீர்ந்து, மருத்துவர் சரி என்று சொல்லும்வரை தலைக்கு அடி வேண்டாம்.

அடுத்தது கால். டேக்வாண்டோவில் இடுப்புக்குக் கீழே உதைக்கக் கூடாது. பக்கவாட்டில் நின்று, கையைத் தாழ்த்தி, பாதத்தின் மேற்புறத்தால் மார்புக் கவசத்தில் அறைந்தால் புள்ளி. அதே உதையைக் கிக் பாக்சிங்கில் போட்டால் எதிராளி முட்டியையோ முழங்கையையோ குறுக்கே வைப்பார். கவசத்துக்குப் பழகிய பாதம் எலும்பில் மோதி, விரல்களுக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய எலும்புகள் முறியும். முய் தாய்க்காரர்கள் கணைக்காலால் அடிப்பது சும்மா இல்லை. பக்கவாட்டு நிலையில் முன்னங்காலின் தொடை வேறு வா வா என்று நிற்கிறது. முட்டிக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கத்தில் ஒரு நரம்பு எலும்பை ஒட்டி ஓடுகிறது. அங்கே அடிபட்டு பாதத்தை மேலே தூக்க முடியவில்லை என்றால் "மரத்துப்போச்சு" என்று உட்கார்ந்திருக்காமல் அன்றே காட்டுங்கள்.

தொடையில் வாங்கும் அடிக்கு நம் ஊரில் நடக்கும் வைத்தியம்தான் எனக்குப் பெரிய தலைவலி. அடிபட்ட ராத்திரியே எண்ணெயைச் சூடு பண்ணி அழுத்தி நீவி விடுகிறார்கள். ஒரு பையன் வந்தான், கிக் பாக்சிங் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. தொடையின் முன்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குக் கல் மாதிரி இறுகியிருந்தது, முட்டி பாதிக்கு மேல் மடங்கவில்லை. வீட்டில் பாட்டி தினமும் நீவியிருக்கிறார், ஜிம்மில் நண்பர்கள் பிடித்து இழுத்து ஸ்ட்ரெச் பண்ணியிருக்கிறார்கள். எக்ஸ்ரே எடுத்தால் தசைக்குள்ளே வெள்ளையாக எலும்பு முளைத்திருந்தது. ரத்தம் கட்டிய தசையை ஆரம்பத்திலேயே கசக்கினால் இப்படி ஆகும் வாய்ப்பு கூடும். சரி ஆக மாதக்கணக்கு பிடிக்கும். செய்ய வேண்டியது எளிது: அடிபட்ட உடனே முட்டியைத் தாங்கும் அளவுக்கு மடக்கிக் கட்டி, துணி சுற்றிய ஐஸ் வையுங்கள், அன்று முழுக்க அந்தக் காலை ஊன்றாதீர்கள். முதல் சில நாள் எண்ணெய், வெந்நீர் ஒத்தடம், மசாஜ் எதுவும் கூடாது. களரி ஆசான்களின் உழிச்சில் என்ற எண்ணெய் மசாஜ் அருமையான விஷயம்தான், ஆனால் நேற்று வாங்கிய அடிக்கு அது வைத்தியம் இல்லை.

கராத்தேக்காரர்கள் ஜூஜிட்சுவில் மாட்டுவது வேறு இடத்தில். வலியைப் பொறுப்பது அவர்களுக்குப் பெருமை. ஜூஜிட்சுவிலோ பூட்டில் மாட்டினால் கையால் தட்டி விடச் சொல்ல வேண்டும். கறுப்பு பெல்ட் கட்டியவருக்கு, தன்னைவிடப் பத்து வயது சின்னப் பையனிடம் தட்ட மனசு வராது. முழங்கைப் பூட்டாவது வலித்து எச்சரிக்கும். குதிகாலைப் பிடித்துத் திருகும் ஹீல் ஹூக் அப்படி இல்லை. திருகல் முழுவதும் முட்டிக்குள் போகும், வலி உறைக்கும்போது ஜவ்வு கிழிந்திருக்கும். சர்வதேசப் பிரேசிலிய ஜூஜிட்சு கூட்டமைப்பு 2021இல்தான் அதை அனுமதித்தது. அதுவும் கி என்ற கனமான பயிற்சி உடை இல்லாத பிரிவில், பிரவுன், பிளாக் பெல்ட் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு மட்டும். உங்கள் ஜிம்மில் புது ஆட்களுக்கே அதைப் போடுகிறார்கள் என்றால் வேறு ஜிம் பாருங்கள். பிடித்தவுடன் தட்டுங்கள். (படர்தாமரையும் அந்தப் பாயில்தான் காத்திருக்கிறது. வகுப்பு முடிந்ததும் குளியுங்கள், உடையைத் துவைக்காமல் இரண்டாவது நாள் போடாதீர்கள்.)

நாற்பதைத் தாண்டியவர்களுக்குச் சுருக்கமாக. பிள்ளையைக் கராத்தேயில் விட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்த அம்மாக்கள் இப்போது தாங்களே சேருகிறார்கள், பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. களரியில் பன்றி வடிவு, சிங்க வடிவு எல்லாம் இடுப்பைத் தரைக்கு இறக்கும் நிலைகள். மண் தளத்தில் சின்ன வயதிலிருந்து செய்பவருக்கு அது சுலபம். டைல்ஸ் தரையில், இத்தனை வருஷம் நாற்காலியில் உட்கார்ந்த முட்டிக்கு முதல் மாதம் பாதி ஆழம் போதும். சிலம்பத்தில் கம்பை இறுக்கிப் பிடிப்பதால்தான் முழங்கை வலி வருகிறது; கனம் குறைந்த கம்பில் தொடங்கி, பிடியைத் தளர்த்தச் சொல்லி ஆசானிடம் கேளுங்கள்.

கடைசியாகப் பிள்ளைகள். ஒலிம்பிக்கில் சேர்ந்தது என்று பிள்ளையைக் கராத்தேயில் விட்டார்கள். டோக்கியோவில் இருந்தது பாரிஸில் இல்லை என்றதும் டேக்வாண்டோ. அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீடு கிடைக்கும் என்றதும் சிலம்பம். பிள்ளையின் ஆசை எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை, அது அவர்கள் வீட்டு விஷயம். என் விஷயம் எலும்பு. பத்து முதல் பதினைந்து வயதுக்குள் வேகமாக வளரும்போது எலும்பின் முனைகளில் வளர்ச்சித் தட்டுகள் திறந்திருக்கும். முட்டிக்குக் கீழே புடைத்துக்கொண்டு வலித்தால், குதிப்பதையும் உதைப்பதையும் குறைத்து ஆற விட வேண்டும். மூன்று இடத்தில் மூன்று மாஸ்டர்களிடம் போகும் பிள்ளைக்கு ஒவ்வொருவரும் தன் வகுப்பை மட்டும்தான் கணக்கில் வைப்பார். மொத்தத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டியவர் பெற்றோர்தான். அப்புறம் இந்தச் சாதனை நிகழ்ச்சிகள். தலையால் ஓடு உடைப்பது, விரல்மேல் பைக் ஏற்றுவது. எந்தக் கலையின் பாடத்திலும் ஏழு வயதுப் பிள்ளைக்கு இது தேவையில்லை. ஒப்புதல் படிவம் வீட்டுக்கு வந்தால் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புங்கள்.